மெனு கார்டில் பூண்டுக்கு ஊர் உண்டு, வாசிச்சவருக்குப் பேர் இல்லை

பெரிய ஹோட்டலுக்குப் போனா மெனு கார்டை முதல் பக்கத்திலேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கிற ஆளு நான். ஆர்டர் பண்றது என்னவோ கடைசியில சிக்கன் பிரியாணிதான். ஆனா படிக்கிறதுக்குக் காசு கிடையாதுல்ல :-)

இப்பல்லாம் மெனு கார்டு சும்மா விலைப்பட்டியல் இல்லை மக்களே. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஜாதகமே எழுதியிருக்கான். கொடைக்கானல் மலைப்பூண்டு, ராமேஸ்வரத்து நண்டு, காரைக்குடி மசாலா, சேலத்து மாம்பழம். எந்த ஊர்ல விளைஞ்சது, எந்தக் கடல்ல பிடிச்சதுன்னு வரிக்கு வரி விவரம். சந்தோஷம்தான். பூண்டு விளைவிச்ச ஊருக்கு ஒரு மரியாதை.

ஆனா அதே ஹோட்டல்ல ஒரு மூலையில உக்காந்து மூணு மணி நேரம் புல்லாங்குழல் வாசிக்கிறவர் பேர் அந்த அட்டையில எங்கேயாவது இருக்கான்னு தேடிப் பாருங்க. "லைவ் மியூசிக், இரவு 7.30 முதல்". அம்புட்டுதான். பூண்டுக்கு ஊர் இருக்கு, மனுசனுக்குப் பேர் இல்லை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

நான் பேசுறது டீக்கடை எஃப்எம் பத்தி இல்லை. தலைக்கு ரெண்டாயிரம், மூவாயிரம்னு வாங்கிட்டு, "எங்ககிட்ட சாப்பாடு மட்டும் இல்லை, கலையும் உண்டு"ன்னு சொல்லிக் கூப்பிடுற இடங்களைப் பத்தி. சென்னையில கன்னிமாரா ஹோட்டலோட 'ரெயின்ட்ரீ' இதுக்கு ரொம்ப வருஷம் பேர் போனது. திறந்தவெளியில செட்டிநாட்டுச் சாப்பாடு, கூடவே பரதநாட்டியமும் பாட்டும். 1989-ல ஜெய்ப்பூர்ல ஆரம்பிச்ச 'சோக்கி தானி' ராஜஸ்தான் கிராமத்தையே செட் போட்டு, டிக்கெட்டோட சாப்பாடும் நாட்டுப்புற ஆட்டமும் சேர்த்துக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் இந்த ஐடியா ஊர் ஊராப் பரவிடுச்சு. இன்னிக்கு நட்சத்திர ஹோட்டல்னா மாசத்துக்கு ஒரு 'கிராமிய விருந்து' இல்லாம இருக்காது.

எங்க டீமுக்கும் அப்படி ஒரு விருந்து கிடைச்சது. ப்ராஜெக்ட் லைவ் ஆன சந்தோஷத்துல மேனேஜர் சென்னையில ஒரு பெரிய ஹோட்டல் புல்வெளிக்குக் கூட்டிட்டுப் போனார். ஹோட்டல் பேர் வேணாம், எல்லா ஹோட்டலும் இந்த விஷயத்துல ஒரே ரகம்தான். வைக்கோல் போரு, மாட்டு வண்டிச் சக்கரம், அரிக்கேன் விளக்கு. நரிக்குடிக்காரனுக்கு வைக்கோலைக் காட்டி மூவாயிரம் வாங்குற திறமையை என்னன்னு சொல்றது! ஒரு பக்கம் கொத்து பரோட்டா கல்லு டங்கு டங்குன்னு சத்தம். இன்னொரு பக்கம் நையாண்டி மேளம். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், ஒரு பம்பை. நடுவுல ஒரு அக்கா தலையில கரகத்தோட ஆடுறாங்க. அவங்களுக்கும் கரகத்துக்கும் இடையில சர்வர் பசங்க தட்டோட புகுந்து புகுந்து போறாங்க. கரகம் விழாததுக்குக் கைதட்டணுமா, சூப் கொட்டாததுக்குத் தட்டணுமான்னு தெரியாத நிலைமை.

இடைவேளையில கிச்சன் பின்பக்கம் தவில்காரர் கை விரல்ல மாட்டியிருந்த கூட்டைக் கழட்டிட்டு உக்காந்திருந்தார். பேச்சுக் குடுத்தேன்.

"எந்த ஊருண்ணே?"

"மானாமதுரைக்குத் தெக்க தம்பி. தாங்க?"

"நரிக்குடி."

"அட, நம்ம பக்கமா! திருச்சுழி, வீரசோழம், அந்தப் பக்கமெல்லாம் பங்குனிப் பொங்கலுக்கு வாசிச்சிருக்கேனே." மனுசனுக்கு முகமே மாறிடுச்சு. அப்புறம் குரலைத் தணிச்சுக்கிட்டு, "இங்க சத்தத்தைக் கொறச்சு வாசிக்கச் சொல்றாக தம்பி. பேச முடியலயாம். தவில எப்புடித் தம்பி கொறச்சு வாசிக்கிறது?"

நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சார். அப்புறம் அவர் சொன்னதுதான் விஷயம். "எம் மகன் போட்டோ கேட்டான், அப்பா எம்புட்டுப் பெரிய ஓட்டல்ல வாசிச்சேன்னு காட்ட. வாசல்ல போர்டு இருக்குன்னு போயிப் பாத்தேன். சமையல்காரரு பேரு இருக்கு, படம் இருக்கு. நம்ம பேரக் காணம். போர்ட மட்டும் போட்டோ எடுத்து என்ன செய்ய?"

மேனேஜர் ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டேன். நல்ல மனுசன், பொறுமையாவே பதில் சொன்னார். "ஏஜென்சி அனுப்புவாங்க சார். வாரா வாரம் ஆள் மாறும். எங்களுக்கே பேர் தெரியாது." அவரைக் குறை சொல்லி என்ன பண்ண? அந்த சிஸ்டத்துல பேர்ங்கிற காலமே இல்லை. எங்க பாஷையில சொன்னா, டேபிள் டிசைன் பண்ணும்போதே விட்டுட்டாங்க.

இப்ப எங்க ஊருக்கு வாங்க. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நெறஞ்சா விவசாயம், இல்லைன்னா சீமைக்கருவேல மூட்டம். பெரிய ஹோட்டல் எல்லாம் எங்க பக்கம் கிடையாது. ஆனா ராத்திரி முழுக்க உயிரோட நடக்குற நிகழ்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. அம்மன் கோயில் பொங்கல்னா வள்ளி திருமணமோ, அரிச்சந்திர மயான காண்டமோ, பவளக்கொடியோ கண்டிப்பா உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில வந்த நாடகங்கள். ராத்திரி பத்து மணி வாக்குல ஆரம்பிச்சு, விடியும்போது முடியும்.

இதுக்கு 'ஸ்பெஷல் நாடகம்'னு பேர். நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, ஆர்மோனியம் இன்னொரு ஊரு. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணுவாங்க. ஒத்திகை கிடையாது. மேடையிலதான் சேருவாங்க. அதாவது, அந்த ஹோட்டல் மேனேஜர் சொன்ன "வாரா வாரம் ஆள் மாறும்" கதைக்கெல்லாம் மேல. இங்க ராத்திரிக்கு ராத்திரி ஆள் மாறும்.

அப்படி இருந்தும் நாடக நோட்டீஸைப் பார்த்திருக்கீங்களா? டீக்கடைச் சுவத்துலயும் பஸ் ஸ்டாண்டுலயும் ஒட்டியிருக்கும். கலர் பேப்பர்ல வட்டம் கட்டமா போட்டோ. ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழயும் பேர், ஊர், என்ன வேஷம். ராஜபார்ட்டுக்கு மட்டும் இல்லைங்க. மிருதங்கம் வாசிக்கிறவர், ஆல்ரவுண்ட் வாசிக்கிறவர், தாளம் போடுறவர் வரைக்கும் பேர் இருக்கும். பேருக்கு முன்னாடி ரெண்டு பட்டம் வேற. சூசன் சைஸர்னு ஒரு அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் மதுரையில தங்கி இந்த நாடகக்காரங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 2005-ல ஒரு பெரிய புஸ்தகமே போட்டிருக்காங்க. அதுல இந்த நோட்டீஸுக்குன்னே ஒரு அத்தியாயம் உண்டு. நம்ம சுவத்துல மழையில நனைஞ்சு கிழிஞ்ச பேப்பருக்கு அங்க ஒரு அத்தியாயம்!

நோட்டீஸ் சும்மா அலங்காரம் இல்லை. அதுதான் அவங்களோட ரெஸ்யூம். பக்கத்து ஊர்க்காரர் பஸ்ஸுக்கு நிக்கும்போது அதைப் பார்த்துட்டு, "இந்தப் பபூன் நல்லாப் பண்ணுவாப்ல, நம்ம ஊருக்கும் கூப்பிடுவோம்"னு சொன்னா அடுத்த ராத்திரிக்குச் சோறு. மேடையில அன்பளிப்பு குடுத்தாக்கூட மைக்ல ரெண்டு பேரையும் சொல்லுவாங்க. இன்னார், ராஜபார்ட் இன்னாருக்கு அம்பது ரூபாய் அன்பளிப்புன்னு. குடுத்தவர் பேரும் உண்டு, வாங்குனவர் பேரும் உண்டு.

ஒடனே "கிராமம்னா சொர்க்கம், பட்டணம்னா நரகம்னு ஜல்லியடிக்கிறான்"னு நினைக்காதீங்க. அந்தக் கட்சி நான் இல்லை. எங்க ஊர்லயே 'கூத்தாடி'ங்கிறது திட்டுறதுக்கு உபயோகிக்கிற வார்த்தை. ராத்திரி முழுக்க ரசிச்ச ஸ்திரீபார்ட்டைக் காலையில பஸ்ல பார்த்தா கேலி பேசுற ஆளுக உண்டு. கரகாட்டம் ஆடுற பொண்ணுங்க படுற பாடு தனிக் கதை. சைஸர் புஸ்தகத் தலைப்புலயே 'களங்கம்'ங்கிற வார்த்தைதான் முதல்ல நிக்குது. ஆக, எங்க ஊர் கலைஞனுக்கு முழு மரியாதை குடுத்துடுச்சுன்னு சொல்லலை. ஆனா மரியாதை குடுக்காத ஊர்கூட பேரைக் குடுத்துச்சு. மூவாயிரம் வாங்குற ஹோட்டல் அதைக்கூடக் குடுக்கலைங்கிறதுதான் என் பாயிண்ட்.

பேர்ல என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரு மெட்ராஸ் கதை. மவுண்ட் ரோடுல சஃபையர் தியேட்டர் இருந்துச்சு. அந்தக் கட்டடத்துக்கு அடித்தளத்துல 'நைன் ஜெம்ஸ்'னு ஒரு நைட் கிளப். 1969-ல ஒரு இளம்பெண் அங்க பாட ஆரம்பிச்சாங்க. நைட் கிளப்ல காஞ்சிப் பட்டுச் சேலையோட நின்னு ஆங்கிலப் பாட்டு. பேர் உஷா ஐயர். அங்கிருந்து கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் 'டிரிங்காஸ்', அப்புறம் தில்லி ஓபராய். அங்க தேவ் ஆனந்த் கேட்டுட்டு, 1971-ல வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்துல பாட வச்சார். ஆமாங்க, உஷா உதுப்தான். 2011-ல பத்மஸ்ரீ, 2024-ல பத்மபூஷண். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவுல நின்னு பாடினவங்கதான். "இன்னிக்குப் பாடுறது உஷா"ன்னு தெரிஞ்சதாலதான் அடுத்த ஊர்க்காரன் கூப்பிட்டான். "லைவ் மியூசிக், இரவு 7.30 முதல்"னு மட்டும் இருந்திருந்தா தேவ் ஆனந்த் யாரைத் தேடியிருப்பார்?

சட்டம் என்ன சொல்லுது? இந்த எடத்துல நானே ஆச்சரியப்பட்டேன். நம்ம காப்புரிமைச் சட்டத்துல 1994 திருத்தத்துலேர்ந்து நிகழ்த்துற கலைஞர்களுக்குன்னு தனி உரிமை உண்டு. நிகழ்த்துறவர்னா யாருன்னு அந்தச் சட்டம் ஒரு பட்டியலே குடுக்குது: நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனமாடுறவர், கழைக்கூத்தாடி, பந்து வீசிப் பிடிச்சு வித்தை காட்டுறவர், மாயாஜாலக்காரர், பாம்பாட்டி... ஆமாங்க, பாம்பாட்டி! 2012 திருத்தத்துல 38பி-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. இந்த நிகழ்ச்சியை நிகழ்த்தினது நான்தான்னு அடையாளம் காட்டப்படுற உரிமை கலைஞருக்கு உண்டு. மத்த உரிமைகளை எழுதிக் குடுத்துட்டாலும் இது அவர்கிட்டயே இருக்கும். நிகழ்ச்சியைப் பயன்படுத்துற விதத்துனாலயே பேரை விட வேண்டி வந்தா மட்டும் விலக்கு.

இருபத்தஞ்சு பக்க மெனு கார்டு அடிக்கிற ஹோட்டல் "பேர் போட எடம் இல்லை"ன்னு சொல்ல முடியுமா? நான் வக்கீல் இல்லை, யாரையும் கோர்ட்டுக்குப் போங்கன்னும் சொல்லலை. பாம்பாட்டிக்கும் பேர் உண்டுன்னு ஒத்துக்கிட்ட நாட்டுல தவில்காரருக்கு ஒரு வரி குடுங்கன்னுதான் கேக்குறேன்.

எங்க பொழப்பையே எடுத்துக்குங்க. கிட்-ல ஒரு கமாவை மாத்தினாலும் யார் மாத்தினான்னு பேர், தேதி, நேரம் பதிவாகுது. யாரோ எழுதின ஓப்பன் சோர்ஸ் நிரலை எடுத்துப் பயன்படுத்தினா, எழுதினவர் பேர் இருக்கிற அந்த வரியை அழிக்கக் கூடாதுங்கிறது எம்ஐடி லைசென்ஸோட ஒரே பெரிய நிபந்தனை. எடுத்துக்கோ, வித்துக்கோ, என்ன வேணா பண்ணிக்கோ. பேரை மட்டும் தூக்காதே. கோடி ரூபாய் வியாபாரம் இந்த ஒரு வரி மரியாதையில ஓடுது. அந்த விருந்துல உக்காந்திருந்த பதினோரு பேருமே இந்த வரியைத் தினமும் பார்க்கிறவங்க.

அடுத்து காசு. எங்க பில்லைச் சொல்றேன். தலைக்கு 2,800 ரூபாய், பதினோரு பேருக்கு 30,800. சர்வீஸ் சார்ஜ் பத்து சதம், 3,080. மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி பதினெட்டு சதம், 6,098. கூட்டினா நாற்பதாயிரத்துக்கு இருபத்திரெண்டு ரூபாய் கம்மி. அந்தச் சர்வீஸ் சார்ஜ்ல மேளக்காரங்களுக்குப் பங்கு உண்டான்னு கேட்டேன். "அது ஃப்ளோர் ஸ்டாஃபுக்கு சார். வேணாம்னா எடுத்துடறோம்"னார். எடுத்துத்தான் ஆகணும்ங்க. கேக்காம சர்வீஸ் சார்ஜ் போடக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொன்னதை, 2025 மார்ச்சில தில்லி உயர்நீதிமன்றம் உறுதி பண்ணிடுச்சு. ஆனா என் கவலை அந்த 3,080 இல்லை. பில்லுல தண்ணி பாட்டிலுக்குக்கூட ஒரு வரி இருக்கு. மேளத்துக்கு ஒரு வரி இல்லை.

நியூயார்க்ல 1981-லேர்ந்து நடக்குற 'ப்ளூ நோட்' ஜாஸ் கிளப்ல பாட்டுக்குன்னு தனிக் கட்டணம். சாப்பாடு, குடி எல்லாம் அதுக்கு மேல. யார் வாசிக்கிறாங்களோ அவங்க பேரைப் போட்டுத்தான் டிக்கெட்டே விக்கிறாங்க. சாப்பிட்டுக்கிட்டே கேக்குறது கலைக்கு அவமானம்னு நான் சொல்லலை. அங்கயும் தட்டு முன்னாடிதான் இருக்கு. என்னத்துக்குக் காசு குடுக்கிறோம், யாருக்குக் குடுக்கிறோம்னு தெரிஞ்சு குடுக்கிறாங்க. வித்தியாசம் அதுதான்.

டிப்ஸ் குடுக்கலாமேன்னு கேப்பீங்க. தாராளமா. ஆனா பக்கத்துல போய், கையில குடுங்க. மும்பை டான்ஸ் பார் வழக்குல உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொன்னதும் இதேதான். அன்பளிப்பை நேர்ல கையில குடுக்கலாம், நோட்டை வாரி எறியக் கூடாது. எங்க விருந்துல ஒரு பக்கத்து மேசை அண்ணன் நூறு ரூபாய் நோட்டை மடிச்சு ராக்கெட் விட்டார். பம்பைக்காரர் அதைக் குனிஞ்சு எடுக்கவே இல்லை. அவர் பேர் எனக்குத் தெரியாது, ஆனா அந்த நிமிசத்துல அவர் மேல பெரிய மரியாதை வந்துச்சு.

"சாப்பிட வந்தவன் சாப்பிடுவானா, இதெல்லாம் பார்ப்பானா?"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயம்தான். பின்னணிச் சத்தம்தான் வேணும்னா ஸ்பீக்கர்ல பாட்டு போடட்டும். உயிரோட ஒரு ஆள் இருக்கார்ங்கிறதை விளம்பரம் பண்ணி, அதுக்கும் சேர்த்துதானே காசு வாங்குறாங்க? அப்ப அந்த ஆள் யாருன்னு சொல்லணும்.

"சில பேர் தன் பேர் வெளிய தெரிய வேணாம்னு நினைப்பாங்களே"ன்னு இன்னொரு கேள்வி. இதுவும் உண்மை. நைட்டு ஹோட்டல்ல ஆடுறது சொந்தக்காரங்களுக்குத் தெரிய வேணாம்னு நினைக்கிற பொண்ணுங்க இருக்கலாம். அதுக்குத்தான் மேடைப் பேர்னு ஒண்ணு காலகாலமா இருக்கு. அதுவும் வேணாம்னா விட்டுடலாம். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது அவங்க, ஏஜென்சி இல்லை. கேட்டாத்தானே தெரியும்?

ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்கங்கிறது சாக்குப் போக்கு. இன்னிக்கு ஸ்பெஷல் வஞ்சிர மீனா, விரால் மீனான்னு தினமும் கரும்பலகையில அழிச்சு அழிச்சு எழுதுறாங்கல்ல? மீனுக்குக் கீழ ரெண்டு வரி. தவில்: இன்னார், இன்ன ஊர். கரகம்: இன்னார், இன்ன ஊர். ஒரு சாக்பீஸ் செலவு.

இதுவரைக்கும் ஹோட்டல்காரங்களுக்கு. இப்ப நம்ம ஆளுங்களுக்கு.

நம்மள்ல பாதிப் பேர் சாப்பாட்டுப் பதிவு எழுதுறவங்க. மட்டன் சுக்காவுக்கு மூணு பாரா, பாத்ரூம் சுத்தத்துக்கு ஒரு பாரா, பார்க்கிங்குக்கு ஒரு பாரா. "லைவ் மியூசிக்கும் இருந்தது, ஆம்பியன்ஸ் சூப்பர்"னு கடைசியில முக்கால் வரி. அடுத்த தடவை அந்த முக்கால் வரியை முழு வரியாக்குங்க. இடைவேளையில ரெண்டு நிமிசம் எந்திரிச்சுப் போய், "உங்க பேர் என்னங்க, பதிவுல போடலாமா?"ன்னு கேளுங்க. சரின்னா பேரும் ஊரும் போடுங்க. என்ன வாசிச்சாங்க, எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னும் எழுதுங்க, அதுவும் மரியாதைதான். நாளைக்கு யாராவது கூகுள்ல அந்தப் பேரைத் தட்டினா உங்க பதிவு வரும். டீக்கடைச் சுவத்துல ஒட்டின நோட்டீஸ் மாதிரி.

பி.கு. 1: அந்தத் தவில்காரர்கிட்ட பேரைக் கேட்டேன், போன் நம்பரும் வாங்கினேன். பதிவுல போடட்டுமான்னு கேட்டதுக்கு, "ஏஜென்சிக்காரன் கோவிச்சுக்கப் போறான், இப்ப வேணாம் தம்பி"ன்னுட்டார். அதனால போடலை. நம்பர் ஊர்ல பொங்கல் கமிட்டிக்காரங்களுக்குப் போயிடுச்சு.

பி.கு. 2: கொத்து பரோட்டா சுமார்தான். எங்க பக்கம் வாங்க, விருதுநகர் எண்ணெய் பரோட்டா வாங்கித் தர்றேன். லைவ் மியூசிக் கிடையாது, கல்லுச் சத்தம் மட்டும்தான் :-)